இடது பக்கம் ஒடித்தால் அழும் வண்டி

கல்யாணமாகித் தென்னேரிக்கு வந்ததிலிருந்து பிரியதர்ஷினி வாய்விட்டுச் சிரிக்கவேயில்லை. வருத்தமெல்லாம் இல்லை. புது வீடு, புது மனிதர்கள், சத்தமாகச் சிரித்தால் யார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம்தான். பிரேம்நாத்தும் அவளுக்குச் சளைத்தவனில்லை. டிராக்டர் ஓட்டி ஊர் நிலத்தையெல்லாம் உழுகிறவனுக்கு, பெண்டாட்டியிடம் மட்டும் "சாப்ட்டியா?" என்பதற்கு மேல் பேச்சு எழவில்லை. தன் பைக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் சின்ன காஞ்சிபுரத்தில் விருந்து. தர்ஷினியோடு ஏனாத்தூர் காலேஜில் ஃபிசிக்ஸ் படித்த லக்ஷணா வீட்டில் அழைத்திருந்தார்கள். அதற்காகவே பிரேம்நாத் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து வண்டியைச் சிங்காரித்திருந்தான். முன்னால் இரண்டு மஞ்சள் ஃபாக் லைட். கூடவே, சென்னையிலிருந்து வரவழைத்த புது ஹாரன். அமுக்கினால் கைக்குழந்தை வீறிட்டு அழும்.

"எல்லாம் நானே மாட்டுனது. நேரா பேட்டரிலருந்து ஒயர் இழுத்துட்டேன்."

"ஃப்யூஸ் வெச்சீங்களா?"

"அது இன்னாத்துக்கு? அடிக்கடி போய்க்கினே இருக்கும்."

தர்ஷினி பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

நேர்ச்சாலையில் வண்டி சமர்த்தாக ஓடியது. காஞ்சிபுரத்துக்குள் நுழைந்து முதல் இடது திருப்பத்தில் ஹேண்டிலை ஒடித்ததும் "வீல்" என்றது ஹாரன். நிமிர்த்தினான், நின்றுவிட்டது.

"நீங்க அமுக்குனீங்களா?"

"கையே வெக்கலியே!"

அடுத்த வளைவு கொஞ்சம்தான் இடது பக்கம் சாய்ந்தது. அதற்கு ஒரு சின்ன விசும்பல். தர்ஷினி எட்டி ஹேண்டிலுக்குக் கீழே பார்த்தாள். ஒயர்க் கற்றை, ஹேண்டில் கழுத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

"லெஃப்டுல ஒடிச்சா ஒயர் நசுங்குதுங்க. உள்ள இருக்கற கம்பி பாடியில பட்டுடுது. வண்டிய ஓரமா நிறுத்துங்க, பாக்கலாம்."

"இந்த ஜனத்துல எங்கம்மா நிறுத்தறது? வீடு தோ கிட்டதான."

"அப்ப ரைட்டுலயே ஒடிங்க."

லக்ஷணாவின் தெருவோ இடது பக்கம் இருந்தது. அதைத் தாண்டிப் போய், வலது, மறுபடி வலது, இன்னுமொரு வலது என்று சுற்றினார்கள். கடைசித் திருப்பத்தில் தேங்காய் வண்டி ஒன்று வழியை அடைத்து நின்றது. விட்டுவிட்டு மறுபடி ஒரு சுற்று. வரதராஜர் கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முக்கில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா இரண்டாம் தடவையாக இவர்களைக் கண்டதும் சந்தேகமாகப் பார்த்தார். சரியாக அவர் முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேம்நாத் தன்னை மறந்து இடது பக்கம் ஒடித்தான்.

வீல்!

பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அடிப்பாவி! கொழந்த இப்டி கத்துது, கல்லு மாரி குந்திக்கினு போறியே! எங்கம்மா கொழந்த?"

"கொழந்த இல்லீங்க. வண்டிதான் அழுவுது."

சொல்லி முடிப்பதற்குள் தர்ஷினிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்புப் பொங்கியது. கையால் வாயைப் பொத்தினாள். நிற்கவில்லை. பிரேம்நாத்தின் முதுகில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அந்த முதுகும் குலுங்கத் தொடங்கியதை உணர்ந்ததும் அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஒருவழியாக லக்ஷணா வீட்டு வாசல். நிறுத்தும்போது ஹேண்டில் இடது பக்கம் சாய்ந்துவிட, அழுகை தொடங்கியது. இந்தத் தடவை நிமிர்த்தினாலும் ஓயவில்லை. சாவியைத் திருகி எடுத்தான். அப்போதும் அழுதது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

லக்ஷணாவின் அம்மா வைதேஹி கரண்டியோடு வெளியே வந்தார். "ஏண்டி லக்ஷணா, போன மாசந்தானே கல்யாணம்னே! அதுக்குள்ள குழந்தையோட வந்திருக்காளே!"

டேங்குக்கு அடியிலிருந்து மெல்லிய புகை கிளம்பியது. ரப்பர் கருகும் வாடை. தர்ஷினியின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஃபாக் லைட் ஒயரும் அங்கேதான் போகிறது; ஃப்யூஸ் இல்லாததால் பேட்டரியின் பலமெல்லாம் அந்த மெல்லிய கம்பியில் பாய்கிறது.

"பெட்ரோல் மூடுங்க! ஸ்க்ரூடிரைவர் குடுங்க!"

வண்டியின் பக்கவாட்டு மூடியைப் பிடுங்கி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள். அழுகை நின்றது. புகை கொஞ்சம் சுருண்டு அடங்கியது.

"ஃப்யூஸ் போடச் சொல்லி லைட்டு குடுத்த கடைக்காரரும் சொன்னாரு," என்றான் பிரேம்நாத், வெளுத்த முகத்தோடு. "நான்தான் கேக்கல. நீ கேட்டப்பவாவது கேட்டிருக்கணும்."

"உள்ள வாங்கோ ரெண்டு பேரும். வண்டி அப்பறம் அழட்டும்," என்றார் வைதேஹி. மறுபடி சிரிப்பு கிளம்பிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் வண்டியைப் பிரித்தார்கள். கடைத்தெருவிலிருந்து பிரேம்நாத் ஃப்யூஸ், ரிலே, தடித்த ஒயர், உறை எல்லாம் வாங்கி வந்தான். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ். லைட்டுக்கான கரண்ட் ரிலே வழியாக, அதுவும் சாவி போட்டால் மட்டும். ஒயரை உறைக்குள் விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்து, இழுபடாமல் தளர்வு விட்டுக் கட்டினார்கள். பல்புகளைச் சின்னதாக மாற்றச் சொன்னாள் லக்ஷணா. இல்லாவிட்டால் பேட்டரி தாங்காது. தர்ஷினி ஒயரைப் பிடிக்க, பிரேம்நாத் டேப் சுற்றினான். விரல்கள் இடித்துக்கொண்டபோதெல்லாம் லக்ஷணா வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

எல்லாம் முடிந்ததும் வைதேஹி கேட்டார், "நான் ஒரு தடவை அமுக்கிப் பாக்கட்டுமா?"

ஒரு தடவையோடு விடவில்லை. எதிர்வீட்டு நாய் குரைக்கிறவரை அமுக்கினார். அப்புறம் தெருவில் யாரும் பயந்துபோகக் கூடாதென்று அந்த ஹாரனைக் கழற்றி, வண்டிப் பெட்டியில் கிடந்த பழைய ஹாரனையே மாட்டினார்கள்.

வெயில் தாழத் தாழ ஊர் திரும்பினார்கள். வழியெல்லாம் பிரேம்நாத் பேசிக்கொண்டே வந்தான். டிராக்டர் ஒருதரம் சேற்றில் புதைந்தது, பெண் பார்க்க வந்த அன்று சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தது, எல்லாம் வந்துவிட்டது. ஏரிக்கரையில் ஈக்காக்கை இல்லை.

"இன்னாங்க, நான் ஓட்டட்டா?"

அவன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். இறங்கிப் பின்னால் உட்கார்ந்தான். கிளட்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி துள்ளி நின்றது. மறுபடி துள்ளி நின்றது. மூன்றாவது தடவை ஓடியே விட்டது.

"பிரேக்கு! பிரேக்கு எங்க கீதுங்க?"

"கால்ல! அந்தக் கால் இல்லம்மா, இந்தக் கால்!"

ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பிப் பறந்தன.