ஏழரைத் தோட்டா

ஏழரை மில்லிமீட்டர் விட்டம் என்பதால் அந்தத் தோட்டாவுக்கு ஏழரை என்றே பேர் விழுந்தது. விழுந்த நேரமோ என்னவோ, பிடித்த சனி விடவில்லை. வேட்டைக்காரர்களுக்கும் போட்டியில் சுடுகிறவர்களுக்கும் என்று தொழிற்சாலை ஆசையாகக் கொண்டுவந்தது; நாலே வருடத்தில் கைவிட்டது. குறி தவறுகிறது என்று போன இடமெல்லாம் புகார்.

அந்த நாலு வருடமும் தினமும் அதைச் சுட்டுப் பார்த்தவள் டெஸ்டர் அக்கா. குறித்தாளில் ஓட்டை வட்டமாக விழாமல் நீளவாக்கில் விழுவதை முதலில் கவனித்தவளும் அவள்தான். தோட்டாவில் குறையில்லை, துப்பாக்கிக் குழலுக்குள் திருகலாக ஓடும் வரிகள் குண்டைப் போதுமான அளவு சுழற்றவில்லை, அதனால் அது தள்ளாடிப் படுத்துக்கொண்டு போகிறது என்று அறிக்கை எழுதினாள். குழல் பிரிவின் தலைவர் அதை அலமாரியில் போட்டுப் பூட்டினார். தோட்டாவை வடிவமைத்த பொறியாளர்தான் பழியைச் சுமந்துகொண்டு வேலையை விட்டுப் போனார்.

இருபத்தெட்டு வருடம் கழித்து, ஓய்வுபெற்ற அக்காவின் வீட்டுக்குத் தொழிற்சாலை மேனேஜர் வந்தார். கையில் தொழிற்சாலையின் நூற்றாண்டு மலருக்காக அச்சுக்குப் போகவிருந்த ஒரு பக்கம். ‘வடிவமைப்புக் கோளாறால் தோட்டா கைவிடப்பட்டது’ என்று போட்டு, கீழே அக்காவின் பேர்.

“கையெழுத்து ஒண்ணு போட்டுடுங்கக்கா.”

“நான் எழுதினதுக்கு நேர்மாறா எழுதி, என் பேரையே போட்டிருக்கீங்களே தம்பி!”

மேனேஜர் நெளிந்தார். அன்றைய குழல் பிரிவுத் தலைவர்தான் இன்றைய முதலாளிக்கு வலது கை. “செத்துப்போன தோட்டாக்கா. இப்ப யாருக்கு என்ன?”

“தோட்டாதான் செத்துச்சு. நான் இன்னும் சாகலயே.”

மறுநாளே, துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கும் தங்கையிடம் போய் நின்றாள். “பழைய குழல் வரியில பன்னெண்டு அங்குலத்துக்கு ஒரு சுத்து இருந்துச்சுல்ல, அதை ஒம்பதாக்கி ஒரு குழல் பண்ணிக் குடு.”

“உனக்கு வயசாச்சுன்னு யாரும் சொல்லலயா?”

“சொன்னாங்க. சுட்டுச் சுட்டுக் காது மந்தம், கேக்கல.”

தங்கை சிரித்துக்கொண்டே அளவெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துப்பாக்கி கிளப்பில் மேனேஜரையும் உறுப்பினர்களையும் பின்னால் நிறுத்திவிட்டு அக்கா சுடுவதற்குக் குப்புறப் படுத்தாள். ஒரே பழைய பெட்டியிலிருந்து பத்துத் தோட்டா. பழைய குழலில் ஐந்து: தாள் கண்டபடி கிழிந்தது. புதுக் குழலில் ஐந்து: ஐந்து ஓட்டையையும் ஒரு பாட்டில் மூடியால் மறைத்துவிடலாம், அத்தனையும் வட்டம். யாரோ விசிலடித்தார்கள். தோள் விண்விண் என்று தெறித்தது, அக்கா காட்டிக்கொள்ளவில்லை.

“ஒரு நாள் சுட்டதை வச்சு சரித்திரத்தை மாத்த முடியுமாக்கா?” என்றார் மேனேஜர்.

“நாலு வருஷம் சுட்டதையும் சேத்துக்கங்க. அந்தப் பக்கத்தை அப்படியே அச்சடிச்சீங்கன்னா ரெண்டு தாளையும் தூக்கிட்டு விழா மேடைக்கே வருவேன்.”

மலர் வெளிவந்தது. அக்காவின் பேர் இல்லை. கோளாறு என்ற பேச்சும் இல்லை. ஏழரை எந்த வருடம் தொடங்கி எந்த வருடம் முடிந்தது என்று ஒரே ஒரு வரி. ஜெயித்துவிட்டோம் என்றாள் தங்கை. அக்காவுக்கு அது போதவில்லை.

கிளப்புக்கு வந்திருந்த பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் தன் பழைய அறிக்கையின் சாரத்தைப் பொடி எழுத்தில் எழுதினாள். பொறியாளர் மேல் தப்பில்லை என்றும் சேர்த்தாள்.

கிளப் செயலாளர் ஓடிவந்தார். “அக்கா, புத்தகத்துல கிறுக்கக் கூடாது!”

“கிறுக்கல, திருத்துறேன்” என்று சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.