கிளாரினெட் வாசித்தவர்: மேற்படி

1987 ஆகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, மாலை 6.42 மணிக்குச் சென்னையில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு தடைப்பட்டது. தடங்கல் பதினோரு நிமிடம் நீடித்தது. அந்தப் பதினோரு நிமிடமும் 212ஆம் எண் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தத் தட்டு சுழலும்போதெல்லாம் தணிகாசலத்துக்கு மூச்சு வருவதில்லை. மூச்சு தட்டுக்குப் போய்விடுகிறது. தட்டு நின்றால் திரும்பி வருகிறது.

தணிகாசலம் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். சைதாப்பேட்டைக் கடைகளின் தராசுகளுக்கு முத்திரை வைப்பவர். ஒரு முறை இரண்டு கிலோ படிக்கல் முகத்தில் விழுந்து மூக்கு சற்றே இடப்பக்கம் கோணிவிட்டது. மூச்சு இழுத்தால் சின்னதாக விசில் கேட்கும். அவர் மனைவி மரகதவல்லி பதினாறு வருடமாக அந்த விசிலுக்குப் பக்கத்தில் தூங்கி வருபவள். அதே நிலையத்தின் இசைத்தட்டு நூலகத்தில் எழுத்தர்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று நிமிடத் தடங்கல் வந்தது. அவள் வீட்டில் இருந்தாள். திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' பலகை. பலகையில் பூச்சாடி. கிளாரினெட் முதல் வரியை வாசித்து முடித்து மூச்சு இழுத்தது. இழுப்பில் விசில் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் கணவரின் மார்பு அசையாமல் இருந்தது. உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. அவர் அவளைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் கையை ஆட்டினார்.

தட்டு நின்றது.

"நல்லா வாசிக்கிறான் இல்ல?" என்றார் தணிகாசலம், மூச்சு வாங்கியபடி.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் தான் என்ன எழுதினோம் என்பது மரகதவல்லிக்கு நினைவு வந்துவிட்டது.

நிலையத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கியூ ஷீட்டில் ஒரு வரி உண்டு. என்ன சத்தம், எத்தனை நிமிடம், நிகழ்த்தியவர் யார். கட்டம் காலியாக இருந்தால் ஷீட்டை வாங்க மாட்டார்கள். 212ஆம் தட்டின் உறையில் யார் பெயரும் இல்லை. ஆகவே அந்தக் கட்டத்தில் எல்லோரும் 'மேற்படி' என்று எழுதினார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். எழுத மூன்று நொடி. எழுதினால் வீட்டுக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை அவள் எழுதிய ஷீட்டில் 212க்கு மேல் வரி நேயர் கடிதம். நிகழ்த்தியவர் கட்டத்தில் கடிதம் எழுதியவர் பெயர்: தணிகாசலம். அவளுக்குச் சொல்லாமல் எழுதிப் போட்டிருந்தார். தடங்கலின்போது வரும் கிளாரினெட் இசை மனதுக்கு இதமாக உள்ளது, அதை வாசிப்பவர் யார் என்று தெரிவிக்கக் கோருகிறேன் என்பது கடிதம். அறிவிப்பாளர் அதைப் படித்துவிட்டுப் புன்னகை செய்தார். "நேயர் தணிகாசலம் அவர்களே, அதை வாசிப்பவர்" என்று தொடங்கினார். அங்கேதான் ஒளிபரப்பு நின்றது.

அடுத்த வரியில் மரகதவல்லி எழுதினாள்: 212, கிளாரினெட், பதினோரு நிமிடம், நிகழ்த்தியவர் மேற்படி.

திங்கட்கிழமை அவள் திருத்தப் பிரிவுக்குப் போனாள். கண்காணிப்பாளர் கோதண்டபாணி ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து தெளிவா இருக்கே. இதுல என்ன தப்பு?"

"அவர் வாசிக்கல சார். அவர் என் வீட்டுக்காரர். தராசு செக் பண்றவர்."

"அப்ப எப்பிடிம்மா இவ்வளவு நல்லா வாசிக்கிறார்?"

"சார், அவருக்கு மூச்சு நின்னு போகுது."

"வாசிச்சா மூச்சு வாங்கத்தான் செய்யும். எங்க மச்சான் நாதஸ்வரம். அவருக்கும் அப்படித்தான்."

"பேரை அடிச்சிருங்க சார்."

"அடிச்சா கட்டம் காலி ஆயிடும்." கோதண்டபாணி வருத்தத்தோடு சொன்னார். "வேற ஆள் வேணும். வாசிச்சவர் யாருன்னு கண்டுபிடிங்க. இந்தப் படிவத்துல அவரே கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் உங்க வீட்டுக்காரர்தான். ஒருத்தர் இருக்கிற வரைக்கும் அடுத்தவர் கிடையாது."

"இருக்கிற வரைக்கும்னா?"

"இருக்கிற வரைக்கும்தான்மா."

அவள் படிவத்தை வாங்கிக்கொண்டாள். இரண்டு பிரதி.

பழைய கியூ ஷீட்டுகளைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். அவள் பின்னோக்கிப் புரட்டினாள். 212 வந்த இடமெல்லாம் மேற்படி. ஒவ்வொரு மேற்படிக்கும் மேலே ஒரு பெயர். ஒரு பயில்வான். தேங்காய்ப் பால் முறுக்கு செய்து காட்டிய ஒரு பெண்மணி. வானிலை வாசித்தவர். மொத்தம் பத்தொன்பது பேர்.

தொலைபேசி எண் இருந்தவர்களின் வீட்டுக்குப் போன் செய்தாள். முதலில் பயில்வான் வீடு. அவர் மனைவி எடுத்தார்.

"டிவி ஸ்டேஷன்ல இருந்து பேசறேன்."

"இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"அம்மா, உங்க வீட்டுக்காரர்..."

"மூச்சுத் திணறி போயிட்டாரு. நூத்திப்பத்து கிலோ ஆளு. டிவி பெட்டியில பூச்சாடி தெரிஞ்சது. அதப் பாத்துக்கிட்டே போயிட்டாரு." பிறகு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இப்ப யாரும்மா?"

மரகதவல்லி போனை வைத்தாள்.

எல்லா வீட்டிலும் அதே பதில். அவள் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தாள். நான்கு நிமிடத் தடங்கல், ஆறு நிமிடத் தடங்கல் எல்லாவற்றையும் தாங்கியிருந்தார்கள். முறுக்குப் பெண்மணி பதினாறு நிமிடம் தாங்கியிருந்தார். பதினேழு நிமிடத்தைத் தாண்டியவர் ஒருவரும் இல்லை. நீண்ட தடங்கல்கள் எல்லாம் அக்டோபரிலும் நவம்பரிலும் வந்திருந்தன. மழைக்காலத்தில் ஒளிபரப்புக் கோபுரம் மக்கர் செய்யும்.

முதல் ஷீட்டின் முதல் வரி 212. நிகழ்த்தியவர் மேற்படி. அதற்கு மேலே தாளின் விளிம்புதான் இருந்தது.

அவள் தட்டையே எடுத்துப் பார்த்தாள். பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுற்றும் இடத்தில் ஓர் எண்ணைச் சுரண்டியிருந்தார்கள். இருப்புப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே வடபழனியில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தின் முகவரி இருந்தது. பதிவான ஆண்டு 1961.

செப்டம்பர் போய்விட்டது. முகவரியில் இருந்த தெரு ஒவ்வொரு முறையும் வேறு தெருவில் போய் முடிந்தது. வீட்டில் தணிகாசலம் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். டிவியை விற்றுவிடலாம் என்று அவள் சொன்னாள்.

"அடுத்த வீட்டு டிவியில ஓடினாலும் மூச்சு நிக்குதே" என்றார் அவர். "அதுக்கு நம்ம வீட்லயே கேக்கலாம். சவுண்டு நல்லா இருக்கும்."

அக்டோபர் 9ஆம் தேதி கூடம் கிடைத்தது. வாசலில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போகணும்?"

"212."

"வாசிச்சிட்டிருக்காங்க. நேரா போங்க."

"எவ்வளவு தூரம்?"

"தட்டு மூணு நிமிஷம் ஏழு செகண்டு. காரிடார் கொஞ்சம் கூட."

அவள் நடந்தாள். இரு பக்கமும் மூடிய கதவுகள். ஒவ்வொரு கதவிலும் பூச்சாடிப் பலகை. தூரத்தில் 212 கேட்டது. அவள் கிட்டே போகப் போகத் தாழ்வாரம் நீண்டது. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்போதெல்லாம் அவளும் வாசலிலிருந்தே நடக்க வேண்டியிருந்தது. வாட்ச்மேன் ஒவ்வொரு முறையும் வணக்கம் சொன்னார். ஏழாவது முறை அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். கடைசி வரிக்குள் கதவைத் தொட்டுவிட்டாள்.

உள்ளே எட்டு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். நான்கு வயலின், ஒரு கிடார், ஓர் அக்கார்டியன், ஆளுயர பாஸ் வயலின், தபலா. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. ஒன்பதாவது நாற்காலி காலியாக இருந்தது. அதன் ஒரு காலைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நாற்காலி மேல் கிளாரினெட்.

அவர்களுக்கு எதிரே நின்ற இசை நடத்துநர் பெனடிக்ட் குச்சியைக் கீழே வைத்தார்.

"வாங்க சிஸ்டர். கிளாரினெட்டா?"

"இல்ல. நான் ஸ்டேஷன்ல இருந்து வர்றேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. பயில்வான் ஒருத்தர் வந்தாரு. இந்த நாற்காலிய உடைச்சது அவர்தான்."

"இந்தத் தட்டுல கிளாரினெட் வாசிச்சது யாரு? அவர் கையெழுத்து வேணும்."

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னிக்கு கிளாரினெட்காரர் வரல" என்றார் பெனடிக்ட். "பஸ் கிடைக்கலையோ என்னவோ. மத்தியானம் வரைக்கும் பாத்தோம். அப்புறம் அவர் இல்லாமலே எடுத்துட்டோம்."

"தட்டுல கேக்குதே."

"கேக்குது. யாரோ வாசிக்கிறாங்க."

தபலாக்காரர் குனிந்து சொன்னார். "இப்ப வாசிக்கிறவருக்கு மூக்குல ஒரு விசில் இருக்கும்மா. நல்ல கை. ஆனா இந்த வாரம் மூணாவது வரியில திணற ஆரம்பிச்சுட்டாரு."

மரகதவல்லி படிவத்தை அவர்கள் முன் நீட்டினாள். "நீங்க யாராவது போடுங்க. ஒரே ஒரு கையெழுத்து."

"எங்க எல்லாருக்கும் கை வாத்தியம் சிஸ்டர்" என்றார் பெனடிக்ட். அக்கார்டியன்காரர் துருத்தியை விரித்துக் காட்டினார். அதற்கும் கைதான். "மூச்சு மட்டும் வெளியில இருந்துதான் வரணும்."

அவள் நின்றாள். அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது. பயத்தில் உள்ளங்கால் குளிர்ந்தது. செருப்பு வாசலில் இருந்தது.

"வாசிக்கத் தெரிஞ்சிருக்கணுமா?" என்று கேட்டாள்.

"தேவையில்ல. அந்த முறுக்கம்மாவுக்கு என்ன தெரியும்? அருமையா வாசிச்சாங்க."

அவள் கயிறு கட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாள். படிவத்தை முழங்காலில் வைத்து இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டாள். தபலாக்காரர் ஈர மையை ஊதிக் காயவைக்கப் போனார். பெனடிக்ட் அவரைத் தடுத்தார்.

திரும்பும்போது தாழ்வாரம் பத்தடிதான் இருந்தது.

கோதண்டபாணி படிவத்தை வாங்கி முத்திரை குத்தினார். "பாத்தீங்களா, கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். பிறகு பெயரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எனக்குச் சொல்லவே இல்லையேம்மா, நீங்க வாசிப்பீங்கன்னு."

அன்று மாலை இரண்டு நிமிடத் தடங்கல் வந்தது. தணிகாசலம் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மூச்சு போகவில்லை. இழுத்தார், விட்டார். விசில் அவர் மூக்கிலேயே கேட்டது.

"மரகதம்! சரியாயிடுச்சுடி! இங்க வந்து பாரு!"

அவள் சமையலறையில் மேடையைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கழித்து வந்தாள்.

"திருத்திட்டாங்க" என்றாள்.

"யாரு வாசிச்சதாம்?"

"யாரோ. பேரு மறந்துட்டேன்."

"நீயா மறப்ப?" என்று அவர் சிரித்தார். மறுநாள் படி ஏறினார். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். தானே உட்கார்ந்து நிலையத்துக்கு இரண்டாவது கடிதம் எழுதினார். என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை என்று நினைவூட்டியிருந்தார். முகம் கழுவிக்கொண்டு வெளியே போய்த் தானே தபாலில் போட்டார்.

அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை, மதியத்திலிருந்து மழை. மரகதவல்லிக்கு அன்று விடுப்பு. ஆறரைக்கு நேயர் கடிதம் தொடங்கியது. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மரகதம், என் லெட்டர் வந்துருக்கு!"

"கேட்டுட்டுதான் இருக்கேன்."

"நேயர் தணிகாசலம் அவர்களே" என்றார் அறிவிப்பாளர், "தாமதத்துக்கு மன்னிக்கவும். அந்த கிளாரினெட் இசையை வாசிப்பவர் செல்வி, மன்னிக்கவும், திருமதி மரகதவல்லி."

ஒளிபரப்பு தடைப்பட்டது. பூச்சாடி வந்தது. 212 தொடங்கியது.

"அட, உன் பேருடி!" தணிகாசலம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கேட்டியா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கடிகாரத்தில் 6.38.

கிளாரினெட் முதல் வரியை வாசித்து மூச்சு இழுத்தது. இழுப்பில் விசில் இல்லை.

"மரகதம்?"

மழை வலுத்தது. தட்டு முடிந்து மறுபடி தொடங்கியது.

"மரகதம், என்ன பண்ற உள்ள?"

தடங்கல் இருபத்தாறு நிமிடம் நீடித்தது. நேயர் கடிதத்தின் மீதிப் பகுதி அடுத்த வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானது.