செயலாளர் போட்ட பட்டியல்

அந்த வகுப்பில் பிரேமநாதனுக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. சிரம்பானுக்கு வெளியே உள்ள சமூகக் கல்லூரியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் அலுவலகக் கணினி வகுப்பு அது. முன்வரிசையில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மாள், அடுத்து டயர்க்கடைச் சீனர், அதற்கடுத்து லோரி ஓட்டும் கணேசமூர்த்தியின் மகள் குமுதவல்லி. இந்தக் கூட்டத்தோடு உட்கார வேண்டிய தலையெழுத்தை நினைத்து அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே இருந்தார். அவருடைய பாட்டனார் ரப்பர் தோட்டத்து ஆபீசில் வெள்ளைக்காரத் துரையின் கடிதத்தையே திருத்திக் கொடுத்த பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அந்த வம்சத்துக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லித்தர ஒரு வகுப்பாம்!

வராமலும் இருக்க முடியவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவர் பத்தொன்பது வருடமாகச் செயலாளர். தோட்டத்தை விட்டு பாரோய்ப் பக்கம் மாடி வீடு கட்டிக் குடிபோன பிறகும் அந்தப் பதவியை அவர் விடவில்லை. இந்த வருடக் கூட்டத்தில் எவனோ ஒருவன் எழுந்து, இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும், ஐயாவுக்குத் தெரியாவிட்டால் குமுதவல்லி செய்யட்டும் என்று சொல்லிவிட்டான். தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள் செயலாளரா? மறுநாளே போய்ப் பெயர் கொடுத்தார். போன இடத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள்.

பதவியைவிடப் பெரிதாக அவர் காத்துவந்தது பரிவட்டத்தை. திருவிழாவில் தேர் புறப்படும் முன் பூசாரி முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பட்டுத் துணி அது. பாட்டனாருக்குக் கட்டினார்கள், அப்பாவுக்குக் கட்டினார்கள், இப்போது அவருக்குக் கட்டுகிறார்கள். அது ஒன்று போய்விட்டால் தோட்டத்தில் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

வகுப்பு முடிவதற்குள் ஆளுக்கொரு பட்டியல் செய்து காட்ட வேண்டும் என்றார் ஆசிரியை புவான் ரொஹானா. பிரேமநாதன் திருவிழாப் பொறுப்புகளை எடுத்துக்கொண்டார். இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அவரவருக்குரிய மரியாதை அல்லது வேலை. விரல் வலித்ததால் தட்டும் வேலையைக் குமுதவல்லி தலையில் கட்டினார். மைகாட் அடையாள அட்டையில் இருக்கிறபடி ஆங்கில எழுத்தில் பெயர்களை அடித்து, ஏ பி சி வரிசையில் அடுக்கிக் கொடுத்தாள் அவள்.

அவர் திரையை எட்டிப் பார்த்தார். முதல் பெயர் கணேசமூர்த்தி. பிரேமநாதன் எங்கோ அடியில் கிடந்தார்.

"லோரி ஓட்டுறவன் மேலே, நான் கீழேயோ?"

"ஏ பி சி ஓடர்ல அப்படித்தான் வரும் அங்கிள். வேணும்னா சொல்லுங்க, மாத்தித் தர்றேன்லா."

அங்கிளாம்! இவள் அப்பன் இன்றைக்கும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறான்.

"எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை பிள்ளை. நீர் உம்மட வேலையைப் பாரும்."

அவள் போனதும் அவரே திருத்தினார். கணேசமூர்த்தியின் பெயரை வெட்டிக் கீழே தன் பெயர் கிடந்த இடத்தில் போட்டார். தன் பெயரைத் தூக்கி முதலில் வைத்தார். ஒரு பத்துத் தடவை தவறாக அமுக்கி, பதினோராவது தடவை சரியாக வந்தது. வம்ச அறிவு எங்கே போகும் என்று தானே மெச்சிக்கொண்டார். நூறு பிரதி எடுத்துக் கோயில் சுவரிலும் ஒட்டினார், வாட்சப்பிலும் அனுப்பினார். வலப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

கடைசி வகுப்பன்று குமுதவல்லி கைப்பேசியோடு ஓடிவந்தாள்.

"அங்கிள், நீங்க பேரை மட்டும்தான் மாத்தியிருக்கீங்க. வேலை அங்கங்கயே நிக்குது. எங்கப்பாவுக்கு முதல் மரியாதைன்னு வந்திருக்கு. அவரு வேலை உங்க பேருக்கு நேரா இருக்கு."

கணேசமூர்த்தியின் வேலை அன்னதான அண்டா கழுவுவது.

"பெயரையும் வேலையையும் சேர்த்துப் பிடிச்சு நகர்த்தணும் அங்கிள், அவ்வளவுதான். இப்பவே சரி பண்ணி அனுப்பிடலாம்."

புவான் ரொஹானா என்ன என்று கேட்டபடி வந்தார். டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நாசி லெமாக் அம்மாள் திரும்பி உட்கார்ந்தாள். பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரிவட்டம் மிஞ்சும். ஆனால் யார் முன்னால் சொல்வது? இவர்கள் முன்னாலா? அதுவும் இவளிடமா?

"ஒரு பிழையும் இல்லை. வேணுமெண்டுதான் அப்பிடிப் போட்டனான்" என்றார்.

குமுதவல்லி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அப்பாவுக்குப் போன் போட்டு, கிராணி ஐயாவே விரும்பித்தான் போட்டாராம் என்று சொன்னாள்.

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று வீடு போய்ச் சேர்ந்தார் பிரேமநாதன். கணேசமூர்த்தி முன்னால் வந்து நிற்க மாட்டான், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன்னையே நிற்கச் சொல்வான் என்று கணக்குப் போட்டிருந்தார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

திருவிழாவன்று பூசாரி சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கணேசமூர்த்தி புது வேட்டியில் வந்தார். பிரேமநாதனைப் பார்த்துக் கைகூப்பினார். இதோ சொல்லப்போகிறான் என்று இவர் ஒரு அடி எடுத்து வைத்தார். கணேசமூர்த்தி திரும்பி, பூசாரிக்கு வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தார்.

குலவை கிளம்பியது. தேரும் கிளம்பியது. பிரேமநாதன் அண்டா இருந்த பக்கம் நடந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு எங்கே போவது? சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தேங்காய் நாரால் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டினார்.  யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கணேசமூர்த்தி மைக்கைப் பிடித்தார். பரிவட்டம் இன்னும் தலையில் இருந்தது.

"ஐயா வம்சத்துக்குன்னு இருந்த மரியாதைய அவரே எடுத்து நமக்குக் குடுத்துட்டாரு. அண்டாவையும் கழுவிட்டாரு. இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்லா? இனிமே வருசா வருசம் ஒரு குடும்பத்துக்கு முதல் மரியாதை. ஐயா காட்டின வழி. சம்மதமா?"

கூட்டம் முழுவதும் கை தட்டியது. தட்டிக்கொண்டே எல்லோரும் திரும்பிப் பிரேமநாதனைப் பார்த்தார்கள். அவரும் கரி படிந்த கைகளைத் தூக்கித் தட்டினார்.