பார்வை 1: தங்கள் வாய்மொழி உத்தரவு

கம்பெனியில் முதல் தடவை ஆள் குறைத்தபோது, மருதுபாண்டி அதைத் தன் மகளுக்குக் கிடைத்த விருதாகவே எடுத்துக்கொண்டார்.

2008 ஐப்பசி மாதம். அமெரிக்காவில் ஏதோ ஒரு பேங்க் கவிழ்ந்ததற்குச் சென்னையில் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மகள் இருளம்மாளை அனுப்பவில்லை. மறுநாள் காலை ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாப்பில், கூத்தையா டீக்கடையில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு விளக்கினார்:

"ஆறாயிரம் பேரச் சல்லடையில போட்டுச் சலிச்சிருக்கான். பதரு பூராம் கீழ போயிருச்சு. எம்மக நின்னுட்டா."

மருதுபாண்டி தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர் யாராவது ரிட்டயர்டு தாசில்தார் என்று நினைத்துக்கொண்டால் திருத்த மாட்டார். அவர்கள் மனதைப் புண்படுத்துவானேன் என்பார். பெரிய கண்மாய்ப் பாசனத்தில் எட்டு ஏக்கர் வயலும் உண்டு. ஆனால் வரப்பில் நின்றாலும் மனசு பைலில்தான் இருக்கும். எதை எழுதினாலும் முதலில் 'பொருள்' என்று ஒரு வரி. அடுத்து, எதை முன்னிட்டு எழுதுகிறோம் என்று காட்ட 'பார்வை' என்று ஒரு வரி. மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதினால்கூட, 'பொருள்: துவரம்பருப்பு கோருதல். பார்வை: மனைவியின் இன்றைய வாய்மொழி உத்தரவு' என்றுதான் ஆரம்பிப்பார். கடைக்காரர் அந்த இரண்டு வரியையும் கிழித்துவிட்டு மிச்சத்தைப் படிப்பார்.

இரண்டாவது தடவை பொங்கல் கழிந்து நானூறு பேர். அதில் வீரபத்திரன் போய்விட்டான். அவன் மருதுபாண்டியின் மச்சான் தவசியின் மகன்; மனைவி வெள்ளையம்மாளுக்கு அண்ணன் மகன். இருளம்மாளுக்கு முன்பே அந்தக் கம்பெனியில் சேர்ந்தவன், அவளுடைய மனுவை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்து வேலைக்கு வழி செய்தவனும் அவன்தான். மருதுபாண்டி சலவை வேட்டி கட்டிக்கொண்டு, துக்கம் விசாரிப்பதுபோல மச்சான் வீட்டுக்குப் போனார்.

"வேலை தெரிஞ்சவன எவன் மச்சான் அனுப்புவான்? கோவிச்சுக்கிறாதீக, பொதுவாச் சொல்றேன்."

தவசி மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "பொதுவாச் சொல்றதுக்கு எதுக்கு மாப்ள எங்க வீட்டுக்கு வந்து சொல்றீக? பஸ் ஸ்டாப்புல சொன்னாப் பத்தாதா?"

பஸ் ஸ்டாப்பிலும் சொன்னார். வீரபத்திரன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டான். தேவகோட்டையில் ஒரு செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. விடிவதற்குள் முதல் பஸ் ஏறி, விளக்கு வைத்தபிறகு இறங்குவான்.

மூன்றாவது தடவை பங்குனியில். இப்போது கம்பெனி அதை ஆட்குறைப்பு என்று சொல்லவில்லை, 'ரைட்சைசிங்' என்றது.

"சரியான அளவுக்குக் கொண்டுவாறதுன்னு அர்த்தம்," என்றார் மருதுபாண்டி. "சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி."

"அப்ப இம்புட்டு நாளும் தொளதொளன்னு போட்டுத் திரிஞ்சாகளாக்கும்," என்றார் கூத்தையா, டீயை ஆற்றிக்கொண்டே.

மூன்று சலிப்பிலும் நின்ற மகள் மட்டும் இதில் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. போனில் சொன்னாள்: "சுத்தியும் சீட்டெல்லாம் காலியா இருக்கு அய்யா. ஆளு குறைஞ்சதுல ஏசி குளுரு கூடிப்போச்சு."

"ஒரு சால்வ வாங்கிக்க தாயி," என்றார்.

ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை பகல், இருளம்மாள் மறுபடி பேசினாள். குரல் கம்மியிருந்தது.

"அய்யா, எனக்கு ரிலீவிங் லெட்டர் குடுக்கப் போறாக."

மருதுபாண்டி எழுந்து நின்றுவிட்டார். தாலுகா ஆபீஸில் ஒருவருக்கு ரிலீவிங் ஆர்டர் வந்தால், ஒன்று அவரைத் தண்ணியில்லாத ஊருக்கு மாற்றியிருக்க வேண்டும், அல்லது பதவி உயர்வு. இந்த ஜில்லாவில் இருந்துகொண்டு இன்னொரு தண்ணியில்லாத ஊருக்கு யாரும் மாற்றப் போவதில்லை. ஆகவே பதவி உயர்வு.

"எங்க தாயி போஸ்டிங்?"

"இனிமேத்தான் பாக்கணும் அய்யா."

"ஜாயினிங் டைம் எத்தன நாளு குடுத்திருக்கான்?"

"எம்புட்டு நாள் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நேர்ல வந்து சொல்றேன், வச்சிர்றேன்."

எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் பெரிய பதவியாகத்தான் இருக்கும். அன்று சாயங்காலமே மருதுபாண்டி இரண்டு கிலோ லட்டு வாங்கி டீக்கடையில் ஆளுக்கொன்று கொடுத்தார். இரண்டாவது லட்டு கேட்டவர்களிடம் மகள் அநேகமாக சிங்கப்பூர் போவாள் என்றும் சொல்லிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை காரைக்குடி பஸ்ஸிலிருந்து இருளம்மாள் இறங்கினாள். இரண்டு பை, கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. கூத்தையா கடையை விட்டு வெளியே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"பிரமோசனாம்ல, அய்யா சொன்னாக. எந்த ஊருக்கு தாயி?"

அவள் அவரையும் பார்த்தாள். வாயெல்லாம் பல்லாக எதிரே வந்துகொண்டிருந்த அய்யாவையும் பார்த்தாள். "இந்த ஊருக்குத்தான் மாமா," என்று சொல்லிச் சிரித்தாள். கூத்தையாவுக்குப் புரிந்துவிட்டது. மருதுபாண்டிக்குப் புரிய வீடு வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"லட்டெல்லாம் குடுத்துட்டனே."

"தின்னுட்டுப் போறாக," என்றாள் வெள்ளையம்மாள். "திருப்பி வாங்கியா வைக்க முடியும்? புள்ள என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

இருளம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். கம்பெனியில் கூட்டம் போடும் அறைகளுக்கு எல்லாம் ஆற்றின் பேர் வைத்திருக்கிறார்கள். அவளைக் கூப்பிட்டது வைகை அறைக்கு.

"பேருக்கு ஏத்த மாதிரிதான். மூணு நாளு உக்கார வச்சாக, ஒரு வாய்த் தண்ணி குடுக்கல."

ஆள் சேர்ப்பு, ஆள் கழிப்பு இரண்டையும் பார்க்கும் அதிகாரி அம்மாள் ஒருத்தி, அவளை வாயால் வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நீட்டியிருக்கிறாள். 'சொந்தக் காரணங்களுக்காக நானாகவே விலகிக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துப் போட்டால் போதும். போடாவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடையாது. அது இல்லாமல் வேறு கம்பெனி எதுவும் சேர்க்காது. அதுவரை போன எல்லாரும் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

"நான் சொன்னேன், மேடம், எனக்குச் சொந்தக் காரணம் ஒண்ணும் இல்ல. உங்க காரணம்தான் இருக்கு, அத நீங்க எழுதுங்கன்னு. அந்தம்மா ஒத்துக்கிறல. மூணாம் நா காலையில ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தேன். நம்ம வீட்டுப் பாணியில."

"நம்ம பாணியிலயா?" மருதுபாண்டி முதல் தடவையாக நிமிர்ந்தார்.

அவள் பையிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தாள். சுத்தமான இங்கிலீஷ். பொருள்: பணியிலிருந்து நீக்குவதற்கான காரணத்தை எழுத்து மூலம் கோருதல். பார்வை 1: தங்கள் வாய்மொழி உத்தரவு, திங்கட்கிழமை காலை 10.40, வைகை அறை. பார்வை 2: தங்கள் வாய்மொழி மிரட்டல், செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3.15, அதே அறை.

"பார்வ ரெண்டு," என்று மெதுவாக வாய்விட்டுப் படித்தார் மருதுபாண்டி. அவருடைய முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு பார்வை எழுத அவருக்குத் துணிச்சல் வந்ததில்லை.

கம்பெனியில் யாரும் அப்படி ஒரு கடிதத்தைக் கண்டதில்லை. வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே. சாயங்காலம் பதில் வந்துவிட்டது. 'இவருடைய வேலையில் குறை ஏதும் இல்லை. கம்பெனி செய்யும் ஆட்குறைப்பினால் மட்டுமே விடுவிக்கப்படுகிறார்.' கையெழுத்து, முத்திரை, தேதி.

"என் மாடியில பதினோரு பேரு அதே மாதிரி எழுதிக் குடுத்து வாங்கிட்டாக அய்யா. 'பார்வை'ன்னா என்னன்னு ஒவ்வொருத்தருக்கா விளக்கி வாய் வலிச்சுப்போச்சு."

மருதுபாண்டியின் நெஞ்சு விரிந்தது. மூன்று சலிப்பில் மகள் நின்றபோது விரிந்ததைவிடக் கூடுதலாகவே விரிந்தது. ஆறாயிரம் பேர் இருந்த இடத்தில், முத்திரை போட்டு உண்மையை எழுதிக் கொடுக்க வைத்தவள் அவர் மகள். பழக்கம் விடவில்லை, உடனே டீக்கடைக்குக் கிளம்பச் சட்டையை எடுத்தார்.

"குறை ஏதும் இல்லன்னு போட்டிருக்கான் பாரு. இதக் காட்டுனா ஒரு பய பேச மாட்டான். போன மத்தவுக வேற, எம்மக வேற."

"என்ன வேற?" என்றாள் இருளம்மாள். கை இட்லியில் நின்றுவிட்டது. "வீரபத்திரன் அத்தானும் இதே மாதிரிதான் போனாரு. என்னைய விட நல்லா வேல பாப்பாரு. மொத நாளே கையெழுத்துப் போட்டுட்டாரு, அம்புட்டுத்தான் வித்தியாசம். அவரு வேல தெரியாம வந்துட்டாருன்னு நீங்கதான ஊருக்குள்ள சொன்னது?"

மருதுபாண்டி மனைவியைப் பார்த்தார். வெள்ளையம்மாள் உதவிக்கு வரவில்லை.

"எங்கண்ணன் வாசலுக்குப் போயிச் சொன்னதயும் சேத்துக்க," என்றாள்.

சட்டையை ஒரு கையில் மாட்டியபடி வெகுநேரம் நின்றார். பிறகு மறு கையையும் மாட்டினார். "லெட்டர எடு தாயி. நீயும் வா."

தவசி வீட்டில் அன்று வீரபத்திரனும் இருந்தான். கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாமாவைக் கண்டதும் உள்ளே போகத் திரும்பினான்.

"நில்லு மாப்ள," என்றார் மருதுபாண்டி. நின்றபடியே, உத்தரவு வாசிப்பதுபோல, கம்பெனி கொடுத்த கடிதத்தை முதல் வரியிலிருந்து முத்திரை வரை வாசித்தார். தமிழிலும் சொன்னார். கடிதத்தை மடித்தார். அதற்கப்புறம் சொல்ல வேண்டியதற்குப் பொருளோ பார்வையோ ஏதும் கிடைக்கவில்லை.

"எம்மகளுக்கு வேல போயிருச்சு மச்சான். வேல தெரிஞ்சவளத்தான் அனுப்பியிருக்கான். அன்னைக்கு நான் சொன்னது தப்பு. டீக்கடையிலயும் போயிச் சொல்லிர்றேன்."

"பொதுவாச் சொல்றீகளா?" என்றார் தவசி.

"இல்ல. ஒங்க மகனப் பத்தித்தான் சொல்றேன்."

"அப்ப உக்காருங்க மாப்ள," என்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

வீரபத்திரன் இருளம்மாள் எழுதிய கடிதத்தின் நகலை வாங்கி இரண்டு தடவை படித்தான். "நான் கையெழுத்துப் போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. இனிமே எழுதுனா குடுப்பாகளா?"

"குடுக்காட்டியும் கேக்கலாம் அத்தான். கேட்டது அவுக பைல்ல இருக்கும்ல."

"எழுதலாம்," என்றார் மருதுபாண்டி. குரலில் தாலுகா ஆபீஸ் திரும்பியிருந்தது. "காலதாமதத்துக்குத் தனியா ஒரு பாரா போடணும். பேப்பர் எடு."

பேனாவைத் திறந்து அவரே எழுதினார். பொருள் எழுதினார். பார்வை எழுதினார். மூன்றாவது வரியை, கை பழகியபடி, 'ஐ மோஸ்ட் ஹம்ப்ளி பெக்' என்று, மிகத் தாழ்மையோடு யாசிப்பதாக, ஆரம்பித்தார்.

"அய்யா," என்றாள் தோளுக்குப் பின்னால் நின்ற இருளம்மாள். "அது எதுக்கு?"

"அதெல்லாம் மரியாத தாயி. போடாட்டி மனுவையே எடுக்க மாட்டான்."

"நான் போடல. எடுத்தாக."

மருதுபாண்டி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் எத்தனையோ அதிகாரிகளுக்கு எழுதிய வரி. வீரபத்திரன் வாசலை விட்டு வந்து, மாமாவின் பக்கத்தில் குந்தி, தாளை எட்டிப் பார்த்தான்.

'மோஸ்ட் ஹம்ப்ளி'யின் குறுக்கே நேராக ஒரு கோடு போட்டார். 'பெக்'கை அடித்து, மேலே 'கேட்கிறேன்' என்பதை இங்கிலீஷில் எழுதினார். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. ஆகவே ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டார்.