சொல்லாமல் நிறுத்தக்கூடாது

மில்லின் நூற்புப் பிரிவை மூடப்போகிறார்கள். கம்ப்யூட்டர் தேர்வில் தேறுகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை, தேறாதவர்களுக்கு வீடு. நிர்வாகத்தின் பெருந்தன்மை அவ்வளவுதான். பாடம் நடத்த என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

வகுப்பில் எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். அதில் 'மீசை' என்று எல்லோரும் கூப்பிடும் ஆபரேட்டர் கேள்வி கேட்டே உயிரை வாங்குவார். லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது என்றதும், "இதுக்கு எதுக்கு டீச்சர் பாடம்? நாங்க பொழைக்கிறதே அப்படித்தானே" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கும் அவரைப் பிடித்துப்போனது.

ஒன்று முதல் பத்துவரை எண்ணும் லூப் எழுதச் சொன்னால், அவருக்குத் தொடங்குவதில் சிக்கல் இல்லை. பத்து வந்ததும் நில் என்று நிபந்தனைகூட ஒழுங்காக எழுதிவிடுவார். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைக் கூட்டுகிற வரியை விட்டுவிடுவார். பிறகு பத்து எங்கே வரும்? திரை முழுக்க ஒன்று, ஒன்று என்று கொட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் பட்டன் தெரியும், தொடமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு என் வாயைப் பார்ப்பார்.

"அழுத்த வேண்டியதுதானேண்ணே?"

"ஓடுற மெஷின சூப்பர்வைசர் சொல்லாம நிறுத்தினா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிடும் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"இது மில்லு மெஷின் இல்லையே!"

"மெஷின் மெஷின்தானே."

சரியென்று எரிச்சலோடு தலையை ஆட்டுவேன். அப்புறம்தான் அழுத்துவார்.

தேர்வன்றும் பதற்றத்தில் அதே வரியை விட்டார். திரையில் ஒன்றுகள் ஓடத் தொடங்கின. நிறுத்தித் திருத்த நேரம் தாராளமாக இருந்தது. விரல் பட்டன்வரை போய்த் திரும்பியது. அழுத்தித் தொலையுங்களேன் என்று எனக்குள் கொதித்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்காணிக்க வந்த அதிகாரி என் பக்கத்திலேயே நின்றார். ஒரு சைகை செய்தாலும் மொத்த வகுப்பின் தேர்வும் செல்லாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மணி அடித்துவிட்டது.

எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்த வரின்னு உடனே தெரிஞ்சிடுச்சு டீச்சர். கைதான் போகல" என்றார். "வீட்ல பொண்ணுகிட்ட என்ன சொல்றது?"

அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். திரையைக் காட்டி, "இது இப்படியே ஓடட்டுமா?" என்று கேட்டார்.

"நிறுத்திடுங்கண்ணே."

சொன்னவுடன் அழுத்திவிட்டார்.