முழுங்காத நாக்கு

நான் வாயால் பிழைப்பவள். மேடைப் பேச்சாளர் என்று நினைத்துவிடாதீர்கள். சூப் பொடி தயாரிக்கும் தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் என் வேலை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த மேசையில் உட்காருவேன். சின்னச் சின்னக் கிண்ணங்களில் சூப் வரும். ஒரு கரண்டி வாயில் விட்டு, நாக்கில் புரட்டி, பக்கத்துக் கோப்பையில் துப்பிவிட்டு, பத்துக்கு இத்தனை என்று தாளில் மார்க் போடுவேன். வெந்நீரில் வாய் கொப்பளித்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவேன். முழுங்கக் கூடாது. வயிறு நிறைந்தால் நாக்கு மந்தமாகிவிடும். முந்தின நாள் பூண்டு, வெங்காயம், மிளகாய் எதையும் சாப்பிடக் கூடாது என்பது இன்னொரு சட்டம். ஒன்பது வருடமாக இதை நான் மீறியதில்லை.

வீட்டில் சமையல் என் கணவர். தையல்காரர். முன்னறையில் மிஷின், பின்னறையில் அடுப்பு. சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டே, கீரை வெந்துவிட்டதா என்று மூக்காலேயே தெரிந்துகொள்வார். பூண்டு இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. அதனால் எனக்கு மட்டும் தனியாக வெறும் சோறும் வேகவைத்த உருளைக்கிழங்கும். அவர் மனது நோகக் கூடாதே என்று, அவர் சமைத்ததில் ஒரு கரண்டி வாயில் போட்டுப் பார்த்து, தொட்டியில் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி. ஏழு" என்பேன். "ஏழா? பாஸ்தான்" என்று சிரிப்பார். சிரிக்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் பூசணி என்று கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது அந்தப் பெயரைத் தெருவில் கூப்பிடவே கூச்சமாக இருக்கிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். போன வாரம் டாக்டர் எடை பார்த்துவிட்டு, "ஒரு வருஷமா முள்ளு நகரவே இல்லையே. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

கெஞ்சினோம், மிரட்டினோம். என் கணவர் கேரட்டைப் பொத்தான் பொத்தானாக நறுக்கிப் பார்த்தார். பூசணி ஒரு வாய் வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு எங்காவது போய்த் துப்பிவிடுவாள். பால் மட்டும்தான் உள்ளே போகும். எனக்குக் கோபம் மூக்கின் மேல். "எல்லாம் நீங்க குடுக்கற செல்லம்" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"செல்லம் இல்ல. எனக்குச் சமைக்கத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். "நாளையிலேருந்து உன் கம்பெனி பாக்கெட்டையே கொண்டு வா. அதையாவது குடிக்கட்டும்." மிஷினில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் மிஷின் ஓடும் சத்தமே கேட்கவில்லை.

அடுத்த நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தலைமை ருசி பார்ப்பவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு மறுநாள் காலையில் நாக்குப் பரீட்சை. நாக்கைப் பட்டினி போட்டு வைக்க வேண்டும் என்று கிளம்பியிருந்தேன். சமையலறை வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

பூசணி தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் வெள்ளை லைனிங் துணியைக் கோட்டு மாதிரிச் சுற்றியிருந்தாள். முன்னால் கீரையும் சோறும். ஒரு கரண்டி வாயில் வைத்தாள், கண்ணை மூடிப் புரட்டினாள், பக்கத்திலிருந்த டம்ளரில் துப்பினாள், கொப்பளித்தாள். பிறகு தையல் சாக்கட்டியால் ஒரு அட்டையில் ஏதோ எழுதினாள்.

"சோத்தைத் துப்பி வெளையாடறியா?" என்று கத்தினேன்.

"வெளையாடலம்மா. வேலை செய்றேன்."

"அப்பா சமைச்சது பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும். ஒன்பது போட்டிருக்கேன் பாரு."

"அப்புறம் ஏன்டி முழுங்கல?"

"நீ முழுங்க மாட்டியே! முழுங்கினா நாக்கு கெட்டுப்போயிடும்னு நீதானே சொன்னே? எனக்கு உன்னை மாதிரி நாக்கு வேணும்."

"பசிக்காதா உனக்கு?"

"பசிக்கும். தண்ணி குடிச்சுப்பேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் தொழில் பெருமையைக் கதை கதையாக அவளிடம் அளந்தது நான்தான். ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடிவிட்டுக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

இனி முழுங்கு என்று வாயால் சொல்லிப் பயனில்லை. அதை ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. கணவர் சத்தம் கேட்டு வந்து நின்றார்.

"எனக்கும் கீரை போடுங்க" என்றேன்.

"நாளைக்குப் பரீட்சை. உனக்கு வெறும் சோறு எடுத்து வச்சிருக்கேன்."

"அதை மூடி வைங்க."

"அள்ளிப் போட்டிருக்கேன் பூண்டை. நல்லா யோசிச்சுக்கோ."

"தெருமுனையிலேயே மூக்கைத் துளைச்சுது. போடுங்க."

முதல் வாயில் என் நாக்கு பழக்க தோஷத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. உப்பு இவ்வளவு, காரம் இவ்வளவு. முழுங்கினேன். பூசணி எழுந்து வந்து என் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். சூடாக இருந்தது. எனக்கு நல்ல பசி என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனை மார்க்கும்மா?"

யோசித்துப் பார்த்தேன். சத்தியமாக ஒரு எண்ணும் வரவில்லை. "தெரியலடி. சாப்பிட்டுட்டேன்."

இது அவளுக்குப் புதுச் செய்தி. என் தட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கரண்டி எடுத்து மென்றாள். கண் டம்ளர் பக்கம் போயிற்று. அந்தக் குச்சிக் கழுத்து ஒரு தடவை ஏறி இறங்கியது. வாயைத் திறந்து காட்டினாள். இரண்டாவது கரண்டியை யாரும் சொல்லாமல் எடுத்தாள்.

நான் தட்டை நீட்டினேன். "இன்னும் கொஞ்சம்."

கணவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். "இத்தனை வருஷத்துல நீ மறுபடி போடச் சொன்னதே இல்ல" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்து, "கை ஏன் நிக்குது?" என்று அதட்டினேன்.

மறுநாள் மேற்பார்வையாளர் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பூண்டா? நீங்களா?" என்று அவரால் நம்ப முடியவில்லை. பரீட்சை எழுதாமலே தோற்றேன். பக்கத்து மேசைக்காரிக்கு நாற்காலி போயிற்று. நான் ஒன்றும் மகான் இல்லை. வயிறு எரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துக் கணவர் எழுந்துவிட்டார்.

"போச்சா? நான் பூண்டைக் கொறைச்சிருக்கணும்."

"கொறைச்சிருந்தா உங்களைத் தொலைச்சிருப்பேன். எனக்கும் ஒரு தட்டு வைங்க."

பூசணி தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். வாய் நிறையச் சோறு இருந்ததால் பேசவில்லை.