அக்காவுக்கு மட்டும் வேண்டாம்

இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் தூளை அமிலத்தில் கரைத்துக் கூழாக்குவதுதான் முனைவர் பட்டத்துக்கு அவள் செய்யும் ஆராய்ச்சி. பல் பிடுங்கிய குழியில் அந்தக் கூழை வைத்தால் ரத்தம் நிற்க வேண்டும், புண் சீக்கிரம் ஆற வேண்டும். நான்கு வருஷமாக அதோடுதான் குடித்தனம். வீட்டில் அவளுக்கு 'விஞ்ஞானி' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அன்று காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். செல் வளர்க்கும் கண்ணாடித் தட்டுகள் சிலவற்றில் கூழைச் சுற்றியிருந்த ஈறு செல்கள் செத்துக் கிடந்தன. அமிலம் சரியாகக் கழுவப்படாமல் தங்கிவிட்டதோ என்னவோ.

பேராசிரியர் கணினியிலிருந்து நிமிரவில்லை. "செத்த தட்டையெல்லாம் விட்டுடும்மா. நல்லா வந்ததை மட்டும் எழுது. அடுத்த மாசம் பல் ஆஸ்பத்திரியில ஆளுங்களுக்கு வச்சுப் பார்க்கப் போறோம்."

"ஏன் செத்துச்சுன்னு பார்த்துட்டு வைக்கலாமே, சார்."

"உன் பட்டத்துக்கு யார் கையெழுத்துப் போடணும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சாயங்காலத்துக்குள் அந்தத் தட்டுகள் கணக்கிலேயே இல்லாமல் போயின. அழித்தது அவள் கைதான்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே அக்கா வீங்கிய கன்னத்தோடு, தைத்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரைக்காரி, கடைவாய்ப் பல்லை எடுத்தே ஆக வேண்டும்.

"உன் மருந்துக்கு ஆஸ்பத்திரியில ஆள் சேர்க்கிறாங்கடி. முதல் ஆளா பேரு கொடுத்துட்டேன். நீ செஞ்சதுன்னா கண்ணை மூடிக்கிட்டு வாயைத் திறப்பேன்."

"வேண்டாம்க்கா."

"ஏன்?"

"சர்க்கரை இருக்குல்ல. உனக்கு ஒத்துக்காது."

"சர்க்கரை இருந்தாலும் பரவாயில்லன்னுதான் சொன்னாங்க. எதிர்வீட்டு டீச்சரும் என் பேச்சை நம்பிப் பேரு கொடுத்திருக்கா. அவளையும் வேண்டாம்னு சொல்லிடவா?"

தங்கை சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

"என் வாய்க்கு ஆகாதது அவ வாய்க்கு மட்டும் ஆகுமா? என்னடி பண்ணி வச்சிருக்க?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா திட்டவில்லை; அதுதான் அதிகம் சுட்டது.

மறுநாள் பேராசிரியரிடம் மன்றாடிப் பார்த்தாள். "வெளியே போ," என்றார். அங்கிருந்து நேரே பல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சோதனைக்குப் பொறுப்பான டாக்டரம்மாவிடம், செத்த செல்களைப் பற்றியும் தான் அழித்ததைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள்.

டாக்டரம்மா சோதனைக் கோப்பை மூடி வைத்தார். "சோதனையை இன்னைக்கே நிறுத்துறேன். ஆனா உன் நாலு வருஷமும் போயிடலாம். தெரியுமா?"

"தெரியும் டாக்டர். பயமாத்தான் இருக்கு. ஆனா ஆராய்ச்சியில சொல்ற பொய் காகிதத்தோட நிக்காது, யாரோ ஒருத்தர் உடம்புல போய்ப் புண்ணாகும். நம்ம வீட்டு ஆளுக்குக் கொடுக்கத் துணியாததை வேற யாருக்கும் கொடுக்கக் கூடாது."